தாத்தாவின் சுத்தியலில் அம்புக்குறி: உங்கள் கேள்விக்கு

தாத்தாவின் பழைய சுத்தியலில் ஏறிய துருவை, உலோகம் தேய்க்கும் கிரைண்டர் போட்டு எடுக்கலாமா, அதில் தெரியும் அம்புக்குறி என்ன என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கிரைண்டர் போடாதீர்கள்! செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த உங்கள் தாத்தாவின் சுத்தியலில், துருவுக்கடியில் தெரியும் அம்பின் மூன்று கோடுகளும் ஒரே முனையில் சேர்ந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்க உடைமை என்பதற்கான முத்திரை, 1968-இல் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் கைக்கு வரும்வரை அங்கே அவர்கள் ராஜ்யம்தானே. தயாரித்த கம்பெனியின் பெயர் வேறு, அதைத் தலையின் பக்கவாட்டில் தேடுங்கள். கூடவே 2 என்று தனியாக இருந்தால் பெரும்பாலும் பவுண்டு கணக்கு, சுமார் 900 கிராம். ஒரு முனை தட்டை, மறுமுனை உருண்டை என்கிறீர்கள், அப்படியானால் அது பால் பெயின் (ball pein) என்கிற வகை, ரிவெட் தட்டுகிற ஃபிட்டர்களின் சுத்தியல்.

சரி, துரு. பிடி தானாகக் கழன்றால் மட்டும் தலையை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பித்தளை பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கழலவில்லையா, மரத்தை நனைக்காமல் எண்ணெயும் ஸ்டீல் வூலும் போதும். வினிகரில் ஊறவைத்திருந்தால் அப்புறம் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிடுங்கள், நம் ஊர் ஈரக்காற்றில் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி துரு பிடிக்கும். பிடியை மாற்றவே மாற்றாதீர்கள், அவர் கை தேய்த்த மரம் அது. முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.