வாசகர் கேள்வி-பதில்: பிஹெச் 7 வந்துவிட்டால் ஆறு சுத்தமா?

கேள்வி: சார், நாங்கள் பதினோராம் வகுப்பு. புராஜெக்ட்டுக்காகக் குன்னூர் ஆற்றில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் தாளை வைத்துப் பார்த்தோம். பிஹெச் 7. 'நல்ல தண்ணீர்' என்று எழுதிவிடலாம் என்கிறார்கள் கூட இருப்பவர்கள். ஆனால் அங்கே மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லையே?
– மாணவி, குன்னூர்

பதில்: எழுதிவிடாதீர்கள் அம்மா. பிஹெச் சொல்வது அமிலமா காரமா என்பதை மட்டும்தான். வீட்டுச் சாக்கடையின் பிஹெச்சே பெரும்பாலும் 7-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதனால் ஊர்க் கழிவு மொத்தமும் கலந்தாலும் அந்தத் தாளுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். கழிவைத் தின்னும் பாக்டீரியா அதைத்தான் உறிஞ்சித் தீர்க்கும். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுப்படி குளிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

இதில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, சமவெளியில் அச்சான பாடப்புத்தகங்களில் இது பெரும்பாலும் வராது. 20 டிகிரி வெப்பத்தில் கடல் மட்டத்துத் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், ஆனால் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற குன்னூரில் காற்றழுத்தம் குறைவு என்பதால் எவ்வளவு சுத்தமான ஓடையானாலும் அதே வெப்பத்தில் 7.3-ஐ ஒட்டித்தான் நிற்கும். 7 வந்தால் பதற வேண்டாம். 3 வந்தால் பதறுங்கள்.

அப்புறம், ஒரே இடத்தில் ஒரு பாட்டில் எடுத்தால் அதை எதோடு ஒப்பிடுவீர்கள்? ஊருக்குள் நுழையும் முன் ஒரு இடம், ஊருக்குள் ஒன்று, ஊரைத் தாண்டிக் கீழே ஒன்று என்று மூன்றையும் ஒரே நாள் காலையில் எடுங்கள். விடியற்காலையில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், வெயில் ஏறி பாசி வேலை செய்யத் தொடங்கினால் கூடும், அதனால் நேரத்தையும் குறித்து வையுங்கள். பாட்டிலில் காற்றுக் குமிழி துளியும் இருக்கக் கூடாது, ஆக்சிஜனை அளக்கும் சோதனையில் முதலில் சேர்க்கும் இரண்டு ரசாயனங்களை ஆற்றங்கரையிலேயே பாட்டிலுக்குள் ஊற்றிவிட வேண்டும்.

கருவியே இல்லையென்றாலும் ஆழமில்லாத ஓரத்தில் கல்லைப் புரட்டிப் பாருங்கள். வால் மாதிரி மூன்று நூல் நீட்டிக்கொண்டிருக்கும் மேஃப்ளை குஞ்சுகள், மணலை ஒட்டிக் குழாய் கட்டி அதற்குள் வாழும் கேடிஸ் புழுக்கள் இவையெல்லாம் பல வகை இருந்தால் தண்ணீர் தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். சேற்றில் சிவப்புப் புழு மட்டும்தான் நெளிகிறதா, ஆக்சிஜன் தீர்ந்துபோன இடம் அது. ஒரு நாள் எடுத்த பாட்டில் அந்த நேரத்துத் தண்ணீரை மட்டும் காட்டும், இந்தப் பூச்சிகளோ மாதக்கணக்கில் அதே தண்ணீரில் கிடந்தவை. எனக்கு இவற்றின் சாட்சிதான் பெரிது. பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

கேள்வி: என் மகன் இந்த வேலைக்காக ஆற்றில் இறங்குகிறான். பயமாக இருக்கிறது, தடுக்கலாமா?
– ஒரு தாய், அரவங்காடு

பதில்: தடுக்காதீர்கள், ஆனால் சில நிபந்தனை போடுங்கள். கையுறையும் பூட்ஸும் கட்டாயம், காலில் காயம் இருந்தால் போகவே கூடாது, ஏனென்றால் எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக எளிதில் ஏறும். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு திடீரென்று பொங்கும், அந்த நாட்களில் கரையோடு சரி. கூட ஒரு பெரியவர் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அப்படியே குடிக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம், கொதிக்க வைத்துக் குடியுங்கள். மலக்கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் என்று ஒன்று கிடைக்கும், தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால் கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். கறுக்காவிட்டாலும் முழு நிம்மதி கிடையாது. உரம் போட்ட காரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊற்றென்றால் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும், அது கொதித்தாலும் போகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் பரிசோதித்துத் தருவார்கள்.

குன்னூர் மாணவிகளும் தங்கள் மூன்று இடத்து அளவுகளை நகராட்சியில் மனுவோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வையுங்கள். அந்த ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் போய்ச் சேர்கிறது, கீழே அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.