ஒரு லட்சம் ஸ்ட்ரீமுக்கு உத்தரவாதம்: முன்பணம் கட்டிய பாடகிக்கு ஒரு பதில்

கேள்வி: நானே எழுதி, மெட்டமைத்து, கிதார் வாசித்துப் பாடுகிறேன். ஆண்டில் பாதி நாள் ஊர் ஊராகச் சென்று சிறிய அரங்குகளில் நிகழ்ச்சி நடத்துகிறேன். இசைச் செயலிகளுக்குப் பாட்டை அனுப்பித் தரும் விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம் 11 பாடல்களை இணையத்தில் வெளியிட்டிருக்கிறேன். அவற்றில் 4 பாடல்கள் 1000 ஸ்ட்ரீமைக்கூட, அதாவது 1000 முறை கேட்கப்படுவதைக்கூட, எட்டவில்லை. மூன்று மாதத்தில் ஒரு லட்சம் ஸ்ட்ரீமுக்கு உத்தரவாதம் என்று ஒரு விளம்பர நிறுவனம் சொன்னதால் முன்பணம் கட்டிவிட்டேன். பாடல்களை உலகெங்கும் பதிவு செய்து தருவதாக ஓர் ஒப்பந்தத்தையும் அவர்களே அனுப்பியிருக்கிறார்கள். மீதிப் பணத்தைக் கட்டிக் கையெழுத்திடலாமா? இரண்டு பாடல்கள் இணையத்தில் வாங்கிய பீட்டின் (வேறொருவர் அமைத்துவைத்த ஆயத்தப் பின்னணி இசையின்) மேல் பாடியவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: மீதிப் பணத்தைக் கட்ட வேண்டாம். ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம். முன்பணம் திரும்ப வருமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அதையும் அங்கேயே சொல்கிறேன்.

ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்பார்கள் என்று நேர்மையான எவராலும் உத்தரவாதம் தர முடியாது. இத்தனை ஆயிரம் என்று எழுதிக் கொடுக்கிறவர் கேட்பவர்களைத் தன் கையில் வைத்திருக்கிறார் என்றுதான் பொருள். அந்தக் கேட்பவர்கள் மனிதர்கள் அல்லர். கணக்குகளைத் திறந்து பாட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருள்கள். ஸ்பாட்டிஃபை என்னும் இசைச் செயலியில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்காகிவிடுவதால், இந்த வேலை அவர்களுக்கு மிகவும் எளிது. உங்களைப் போலவே இப்படிப் பணம் கட்டிய ஒரு பாடகி தன் கணக்கறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரே மாதத்தில் 9 ஆயிரத்துக்கும் மேல் ஏறியிருந்தது. ஊர்வாரியான பட்டியலைத் திறந்தால், அவர் ஒருமுறைகூடப் பாடியிராத ஒரே நகரத்திலிருந்துதான் ஏறக்குறைய அத்தனையும் வந்திருந்தன. பாட்டைத் தன் தொகுப்பில் சேமித்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை; புதிதாகப் பின்தொடர்ந்தவரும் இல்லை. முந்தைய வாரம் அவர் 40 பேர் முன்னால் பாடியிருந்தார், அந்த ஊரிலிருந்து 6 பேர் சேமித்திருந்தார்கள். அந்த 6 பேர்தான் அவருடைய கேட்பவர்கள். அவர்களையும் அந்த 9 ஆயிரத்தையும் ஒரே தட்டில் வைக்கும் பரிந்துரைக் கணிப்புமுறை, இனி யாருக்கு அவருடைய பாட்டைக் காட்டுவது என்று தெரியாமல் தடுமாறும்.

பண நஷ்டம் இதில் சிறிய பகுதிதான். அப்பட்டமான செயற்கை ஸ்ட்ரீம்கள் ஒரு பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பாட்டுக்கு இவ்வளவு என்று விநியோக நிறுவனத்திடம் தண்டம் வசூலிக்கப்போவதாக 2023இன் இறுதியில் ஸ்பாட்டிஃபை அறிவித்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விநியோக நிறுவனங்கள் அந்தத் தண்டத்தைப் பாடகரின் தலையில் கட்டுகின்றன, பாட்டை நீக்குகின்றன, சில நேரம் கணக்கையே மூடுகின்றன. யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. நான் ஒருவருக்காக ஒரு விநியோக நிறுவனத்திற்கு மூன்று முறை முறையீடு எழுதினேன். மூன்று முறையும் தேதி மட்டும் மாறிய ஒரே கடிதம் பதிலாக வந்தது. குற்றமற்றவர் என்பதைப் பாடகர் நிரூபிக்க வேண்டும், ஆனால் எதைக் காட்டினால் நிரூபணம் ஆகும் என்பதை அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள் என்னும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய அளவில் செய்தால் இது சிறை வரைக்கும் போகக்கூடிய விஷயம்: தானியங்கிக் கணக்குகளைக் கொண்டு ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி பெற்றதாக ஒருவர் மீது 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது.

உங்களை இந்த வலையில் விழச் செய்தது அந்த 1000 என்ற எண்தான் என்று நினைக்கிறேன். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் குறைந்தது 1000 ஸ்ட்ரீம் பெறாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. அந்தப் பங்கு மற்ற பாடல்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. சிறிய பாடகர்களிடமிருந்து எடுத்துப் பெரியவர்களிடம் சேர்க்கும் இந்த விதியை நான் தொடக்கத்திலிருந்தே எதிர்த்து வருகிறேன். ஆயினும் கணக்கைப் பாருங்கள்: 1000 ஸ்ட்ரீமுக்குக் கிடைக்கக்கூடிய தொகை ஒரு செட் கிதார் கம்பி வாங்கக்கூடப் போதாது. அதைக் காப்பாற்றுவதற்காக 11 பாடல்களையும் பணயம் வைக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு தொகுக்கும் பிளேலிஸ்ட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த இடம் விற்பனைக்கு இல்லை. வெளிவராத பாட்டை உங்கள் கலைஞர் கணக்கிலிருந்தே இலவசமாகப் பரிந்துரைக்கலாம். குறைந்தது 7 நாள் முன்னதாகச் செய்தால் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாடல் பட்டியலிலாவது அது சேரும். விநியோக நிறுவனங்களின் மெத்தனத்தைக் கருத்தில் கொண்டு, பாட்டை 4 வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள் என்பது என் ஆலோசனை.

இனி ஒப்பந்தத்திற்கு வருகிறேன். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் ஒலிப்பதிவு மற்றொன்று. உங்கள் பாடல்களில், பீட் வாங்கிய இரண்டைத் தவிர, இரண்டு உரிமையும் உங்களுடையவை. இதற்கு யாருடைய பதிவும் தேவையில்லை. பெர்ன் என்னும் பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையின் கீழ், படைத்த உடனேயே பதிப்புரிமை படைத்தவரைச் சேர்ந்துவிடுகிறது. இடைத்தரகர்கள் உங்களிடம் காட்டி மயக்கும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. அது உரிமைப் பத்திரம் அன்று, பெரும்பாலும் விநியோக நிறுவனம் தானாகவே தந்துவிடுகிற எண்ணும்கூட. அதை வாங்கித் தருவதற்கென்று தனிக் கட்டணம் கேட்கிறவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

அவர்கள் அனுப்பிய தாளில் நான் முதலில் தேடுவது 'உரிமை மாற்றம்' என்ற சொல்லைத்தான். உங்கள் சார்பில் ராயல்டியை வசூலித்துத் தருவதற்கு 'நிர்வாகம்' என்று பெயர். அதற்கு வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள், சில ஆண்டுகளில் முன்னறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். உரிமை மாற்றம் என்றால் படைப்பே அவர்களுடையதாகிறது. 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற சொற்றொடர் அந்தத் தாளில் எங்காவது இருந்தால், உங்கள் வாழ்நாளோடும் முடியாமல், நீங்கள் போன பின்பும் பல பத்தாண்டுகள் அது அவர்களிடமே இருக்கும். ஸ்ட்ரீம் விற்கும் கடையே உரிமையையும் கேட்கிறது என்றால், அவர்கள் உண்மையில் குறிவைப்பது இதைத்தான்.

பீட் மேல் பாடிய இரண்டு பாடல்கள் மட்டும் விதிவிலக்கு. அதைச் சற்று நிதானமாக விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் கொடுத்து வாங்கியதால் அது தம்முடையது என்று நம்பி ஏமாறுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இணையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் விற்கப்படுவதில்லை, வாடகைக்கு விடப்படுகிறது. அதே பீட்டை அதே வாரத்தில் வேறு பலரும் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். பீட்டை அமைத்தவர் மெட்டில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று உரிமத்திலேயே எழுதியிருப்பார். பாதிப் பங்கு என்றிருப்பதும் சாதாரணம். ஆகவே அந்த இரண்டு பாடல்களையும் முழுவதும் என்னுடையவை என்று எங்கே எழுதிக் கொடுத்தாலும் அது பொய்யான உறுதிமொழியாகிவிடும். அந்த ஒப்பந்தத்தில் 'பாடல்கள் அனைத்தும் எனது முழு உரிமை' என்ற வாசகமும், அது தவறாக இருந்தால் நஷ்டத்தை நீங்களே ஏற்பீர்கள் என்ற வாசகமும் கட்டாயம் இருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் இந்த வாடகைப் பீட் காலை வாரிவிடும். பாட்டை ஏற்றும்போது யூடியூப் கன்டென்ட் ஐடியில் சேர்க்கவா என்று விநியோக நிறுவனம் ஒரு கட்டத்தைக் காட்டும். 2007இல் யூடியூப் கொண்டுவந்த அந்த முறை, ஒலியின் கைரேகையை எடுத்துக்கொண்டு, அதே ஒலி வேறெந்தக் காணொளியில் இருந்தாலும் உரிமை கோரும். நீங்கள் அந்தக் கட்டத்தில் குறியிட்டால், அதே பீட்டில் பாடிய மற்றவர்களின் காணொளிகள் மீது உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை பாயும். அவர்களில் ஒருவர் குறியிட்டிருந்தால் உங்கள் காணொளியின் மீது பாயும். எனவே இந்த இரண்டு பாடல்களுக்கும் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். இரண்டாவதாக, வாடகை உரிமங்கள் பலவற்றில் ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. உங்கள் உரிமத்தில் அந்த வரம்பு எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய போலி ஸ்ட்ரீம்கள் அந்த இரண்டு பாடல்களில் ஏறினால், யாருமே கேட்காத பாட்டுக்காக உரிமத்தை மீறியவராகிவிடுவீர்கள்.

ஆண்டில் பாதி நாள் மேடையில் நிற்கிறீர்கள் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பணம் அங்கேதான் இருக்கிறது, அதை நீங்கள் கேட்டு வாங்கவில்லை என்பதே என் ஊகம். 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஜே என்னும் இசையமைப்பாளர், தாம் அமர்ந்திருந்த காபி அரங்கில் தம் பாட்டையே இசைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, என் பாட்டுக்கு நீங்கள் பணம் தராதபோது உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும் என்று மறுத்தார்; வழக்கில் அவர் பக்கமே தீர்ப்பானது, 1851இல் சாசெம் என்னும் உரிமைச் சங்கம் பிறந்தது. இன்று பல நாடுகளில் இத்தகைய சங்கங்கள் இருக்கின்றன. அரங்குகள் அவற்றுக்கு உரிமக் கட்டணம் செலுத்துகின்றன; நீங்கள் உறுப்பினராக இருந்து, எந்த மேடையில் எந்தப் பாட்டைப் பாடினீர்கள் என்று பட்டியல் கொடுத்தால், உங்கள் சொந்தப் பாட்டை நீங்களே பாடியதற்கும் படைப்பாளி என்ற முறையில் உங்களுக்குப் பங்கு வரும். வெளிநாட்டு மேடையில் பாடியதுகூடச் சங்கங்களுக்கிடையே உள்ள உடன்படிக்கைகளின் வழியாக வந்து சேரலாம்.

அது தானாக வராது. பட்டியல் தராதவரின் பங்கு, பட்டியல் தந்தவர்களுக்கே போய்ச் சேருகிறது. ஒரே பாட்டின் பெயரை மூன்று படிவங்களில் மூன்று விதமாக நிரப்பச் சொல்லி, ஓர் எழுத்து மாறினால் 'பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவைக்கும் சங்கங்களின் அலட்சியத்தைப் பற்றி நான் பல முறை எழுதியும் பயனில்லை. ஆகவே நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். மேடையில் உங்கள் காலடியில் ஒட்டிவைக்கிறீர்களே, அந்தப் பாடல் பட்டியல், அதைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலின் ஓரத்தில் அரங்கின் பெயரும் தேதியும் எழுதியிருக்கட்டும். அறைக்குத் திரும்பியதும், அன்றிரவே, சங்கத்தின் இணையப் படிவத்தில் ஏற்றிவிடுங்கள். கெடு தாண்டினால் ஒரு காசும் பெயராது. பீட் மேல் பாடிய இரண்டையும் பங்கு விவரத்தோடு பதிவு செய்யுங்கள்.

இப்போது அந்த அவசர வேலை. முன்பணம் கட்டியாகிவிட்டதால் போலி ஸ்ட்ரீம்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கலாம். ஆகவே இன்றே உங்கள் விநியோக நிறுவனத்திற்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: இந்தத் தேதியில் இந்த நிறுவனத்திற்குப் பணம் கட்டினேன், அவர்கள் செயற்கை ஸ்ட்ரீம் விற்பவர்கள் என்று பின்னர் தெரிந்தது, சேவையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், சந்தேகத்திற்குரிய எண்ணிக்கை தென்பட்டால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாக எழுதிப் பணம் கட்டிய ரசீதையும் இணையுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றுதான் பின்னர் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம். விளம்பர நிறுவனத்திற்கும் எழுத்தில், சேவையை உடனே நிறுத்துமாறும் முன்பணத்தைத் திருப்புமாறும் கேளுங்கள். தொலைபேசியில் பேசவே வேண்டாம். அட்டையில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணத்தை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கும் கோரிக்கையை வங்கியில் கொடுப்பதற்குக் கெடு இருக்கிறது, அது முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். கலைஞர் கணக்கின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுத்திருந்தால், இந்தக் கடிதங்களை எழுதுவதற்கு முன்னால் முதலில் அதை மாற்றுங்கள்.