நான்கு மாதச் சிப்பிப்பாறை வேட்டைநாய்க் குட்டியின் இயல்பான திறனைச் சோதிப்பது பற்றி

வணக்கம். இழுத்துச் சென்ற துணியைத் துரத்தாமல் உங்கள் நான்கு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி நின்று பார்த்துக்கொண்டே இருந்தது என்றும், அதைக் கொடுத்தவரிடமே திருப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே அந்த முடிவுக்கு வராதீர்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடப் பார்வையையே பெரிதும் நம்பி ஓடும் வேட்டைநாய் இனங்கள் என்பதால், குட்டி ஓடியதா என்பதற்கு முன் அது எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நீண்ட கயிற்றில் கட்டிய துணியை, குட்டியை நோக்கி அல்லாமல் அதனிடமிருந்து விலகிச் செல்லும்படி, தரையோடு விட்டு விட்டு இழுத்து, ஒரு புதருக்குப் பின்னால் மறையச் செய்யுங்கள். காதை உயர்த்தி, உடல் இறுகி, துணி மறைந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்று, பிறகு அங்கேயே தேடிப் போகும் குட்டியிடம் வேட்டையுணர்வு உறுதியாக இருக்கிறது என்பதே என் கருத்து. இரண்டு மூன்று முறைக்கு மேல் இழுக்க வேண்டாம். சலிப்புத் தட்டினால் சோதனையே பொய்த்துவிடும்.

பாத்திரம் விழும் சத்தத்துக்குத் துள்ளுவது குறையல்ல. எவ்வளவு விரைவில் திரும்பி வந்து அதை முகர்ந்து பார்க்கிறது என்பதுதான் துணிவைக் காட்டும். எலும்பு முதிரும் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு வயது வரை, முழு வேக ஓட்டம் கூடாது. உயிருள்ள காட்டு முயலை வைத்துப் பழக்குவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், துணியோடு நிறுத்திக்கொண்டு, எட்டாவது மாதத்தில் மீண்டும் சோதித்துப் பாருங்கள்.