புதன்கிழமை ஜெபக்குழு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்பத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். மகன் சென்னைக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறான், ஹாஸ்டலில் இருக்கிறான். ஒரு வருடமாகப் புதன்கிழமைதோறும் கல்லூரி ஜெபக்குழுவுக்குப் போகிறான். இரண்டு பேப்பர் அரியர் வேறு. ஞாயிறு சபைக்கு வந்தால், "அங்கே மாதிரி இல்லப்பா" என்கிறான். நம் சபையிலேயே வாலிபர் ஐக்கியம் இருக்கும்போது கல்லூரிக்குள் தனியாக எதற்கு ஒரு ஊழியம்? இதையெல்லாம் யார் ஆரம்பித்தது? வெளிநாட்டுப் பணமா? நீங்களும் படிக்கும்போது இப்படி ஒரு குழுவில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

அம்பத்தூர் வாசகர்

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணக்குப் படித்தார். கடைசிப் பரீட்சை நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போய், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. என்ற வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியா முழுக்க வாலிபர்களைச் சந்தித்தபடி அலைந்தார். 1912இல், தெலுங்கு நாட்டில் இருக்கிற தோர்ணக்கல்லின் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆனது அதுதான் முதல் தடவை. (பட்டம் வாங்காத விஷயத்தை மட்டும் மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.)

அந்த ஒய்.எம்.சி.ஏ.வை ஆரம்பித்தவர்கள் பாதிரிமார் இல்லை. லண்டனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற பையன், கூட வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 1844இல் தொடங்கியது. ஊரை விட்டு வந்து, கடை மாடியிலேயே தங்கி, வேலை முடிந்தால் போக்கிடம் இல்லாத பையன்கள். சென்னைக்கு அது வந்தது 1890இல், டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கர் மூலம். ஹைகோர்ட்டுக்கு எதிரே நிற்கிற சிவப்புக் கட்டடத்துக்கு வானமேக்கர் என்ற ஃபிலடெல்ஃபியா வியாபாரி பணம் கொடுத்தார். ஆக, வெளிநாட்டுப் பணமா என்று கேட்டீர்களே, அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை ஆமாம்.

கல்லூரி மாணவர்களுக்கென்று தனி இயக்கம் அப்புறம் வந்தது. 1895இல் ஸ்வீடனில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் உருவானது. அதன் மூளை ஜான் மாட் என்ற அமெரிக்கர். 1938இல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது தலைமை வகித்தவரும் அவர்தான். இந்தியாவில் எஸ்.சி.எம். என்ற மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இல் வந்தது. கத்தோலிக்க மாணவர்களுக்கு 1924இல் தொடங்கிய ஐகஃப் (ஏ.ஐ.சி.யு.எஃப்.) என்ற அகில இந்திய இயக்கம் இருக்கிறது. அதன் அலுவலகம் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் ரோட்டில். 1954இல் வந்தது யு.இ.எஸ்.ஐ. என்ற இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம், பிள்ளைகள் வாயில் இ.யூ. (இவாஞ்சலிக்கல் யூனியன்). உங்கள் மகன் போவது இந்த வகைக் குழுவாக இருக்கலாம்.

எஸ்.சி.எம். இருக்கும்போது இ.யூ. எதற்கு? இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1910இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் குழு, அந்த ஊர் எஸ்.சி.எம்.மை விட்டு வெளியேறியது. எஸ்.சி.எம். பக்கம், விசுவாசம் என்றால் சமூகத்தையும் பேச வேண்டும், புதிய இறையியலையும் கேட்க வேண்டும் என்றது. வெளியேறிய பக்கம் (இ.யூ. இதன் வழி வந்தது), சிலுவையும் மனந்திரும்புதலும் நடுவில் இல்லையென்றால் மீதி எல்லாம் வெறும் பேச்சு என்றது. அந்தச் சண்டை கப்பலேறி நம் ஊர் ஹாஸ்டல்களுக்கும் வந்தது. நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள்.

எங்கள் குழு எதிலும் சேராத குழு. மெஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் வியாழக்கிழமை நாலேகாலுக்குக் கூடுவோம், ஏழெட்டுப் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் பேச வந்தபோது, எங்கள் ஊர்ச் சபையில் கல்லறைத் தோட்டம்கூட சாதிவாரியாக இருக்கிறதே என்று கேட்டேன். "முதலில் உன் இருதயத்தைச் சரிபண்ணு தங்கச்சி" என்றார். கோபத்தில் வேறொரு வட்டத்துக்குப் போனேன். அங்கே சாதியைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். ஆனால் நான் காய்ச்சலில் பத்து நாள் வராமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தொட்டியடிக் குழுவில் இருந்துதான் ரசமும் பிரட்டும் வந்தது. இன்றைக்கும் எனக்கு இது தீராத கணக்குதான்.

நோக்கம் என்னவென்று கேட்டால், சக மாணவருக்குச் சுவிசேஷம் சொல்வது, விசுவாசத்தில் ஒருவரையொருவர் வளர்ப்பது, படிக்கிற இடத்தில் சாட்சியாக இருப்பது, மிஷனரி ஊழியத்துக்கு மனதைத் திருப்புவது என்பார்கள். சரி, இதெல்லாம் உங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலும் சொல்வதுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வாலிபர் ஐக்கியத்தில் ஆயர் இருக்கிறார், கமிட்டி இருக்கிறது, நாற்பது வயதிலும் 'வாலிபர்' செயலாளராக இருக்கிற அண்ணன் இருக்கிறார். கல்லூரிக் குழுவில் பொறுப்பில் இருப்பவன் அடுத்த வருடம் பாஸாகிப் போய்விடுவான். மூன்று நான்கு வருடத்துக்குள் மொத்தக் குழுவும் மாறிவிடும். பத்தொன்பது வயதுப் பையன் வேதபாடம் எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. யு.இ.எஸ்.ஐ.யின் முதல் பொதுச்செயலாளர் சந்தப்பிள்ளா இதில் பிடிவாதமாக இருந்தார். மாணவர்களே நடத்த வேண்டும், செலவுக்கு இந்தியாவிலேயே வழி பார்க்க வேண்டும். படித்து வெளியே போன பட்டதாரிகளின் காணிக்கைதான் அதன் முதுகெலும்பு. ஆரம்ப காலத் தலைவர்களில் ஒருவரான ஈனோக்கும் ஊழியக்காரர் இல்லை, மாநிலக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். பரிணாமக் கொள்கையை எதிர்த்து எழுதியவர் அவர். அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, அது வேறு கதை.

எங்கள் குழுவில் நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று இருந்தது. ஜெபக்குறிப்பு நோட்டு. ஃபீஸ் கட்டாதவள், அப்பா குடிப்பதால் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவள், கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு நடுங்குகிறவள், எல்லாம் அதில் இருக்கும். ஃபைனல் இயர் அக்கா அதை என்னிடம் கொடுத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அதற்கு முன்பு யாரும் என்னை நம்பி எதையும் கொடுத்ததில்லை. எங்கள் சபையில் பெண்பிள்ளைகளுக்குக் காணிக்கைப் பையைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் மகன் "அங்கே மாதிரி இல்லப்பா" என்கிறானே, பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன்.

இப்போது சில கல்லூரிகளில் வேறு மாதிரியும் நடக்கிறது. மேடை, புகை, கலர் விளக்கு, வெளியே இருந்து வருகிற ஒரு பெரிய பிரதர். பிள்ளைகள் வெறும் கூட்டம் சேர்க்கிறவர்கள். எனக்கு அது பிடிக்காது. அதனால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: புதன்கிழமை யார் பேசுகிறார்கள்? "போன வாரம் நான்தான்பா எடுத்தேன்" என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரே ஆளின் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாலோ, சபைக்குப் போகாதே, வீட்டில் சொல்லாதே என்று யாராவது அவனிடம் சொல்லியிருந்தாலோ ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள்.

அரியரைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒரு மணி நேர ஜெபத்தால் இரண்டு பேப்பர் போகாது. வேறு ஏதோ இருக்கிறது, தனியாக விசாரியுங்கள்.

அடுத்த லீவுக்கு அவன் வரும்போது அந்தக் குழுவிலிருந்து நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மதினியைச் சாளைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும்போது, நீங்கள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா