கடல் ஏறும் முன்பே கிணறு உப்பாகும்

கேள்வி: கடல் மட்டம் உயர்ந்து சின்னத் தீவுகள் முழுகப்போகின்றன என்கிறார்கள். மாலத்தீவின் தலைநகர் மாலேயைப் போல எல்லாத் தீவுகளையும் சுற்றிச் சுவர் எழுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. நிலத்தடி நீர்த் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுவர் என்றதும் அதன் அடியில் என்ன நடக்கிறது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். 1987இல் பேரலைகள் ஊருக்குள் புகுந்த பிறகு, ஜப்பானின் உதவியோடு மாலேக்குத் தடுப்புச் சுவர் வந்தது. 2004 சுனாமியில் அது நகரத்தைப் பெருமளவு காப்பாற்றவும் செய்தது. ஆனால் மாலே போன்ற பவளத்தீவின் தரை முழுக்க ஓட்டை. மேலே வரும் அலையைத் தடுக்கலாம், அடியில் வரும் கடலைத் தடுக்க முடியாது. பசிபிக் கடலின் சின்னத் தீவு நாடான துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில், பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) வரும்போது, தீவின் நடுவிலேயே தரையிலிருந்து தண்ணீர் ஊறிக் கிளம்புகிறது.

பவளத்தீவுகளில் கிணற்று நீரும் இந்த ஓட்டைத் தரையில்தான் இருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கி, உப்புநீரைவிட இலேசாக இருப்பதால் அதன்மேல் மிதக்கும். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கவேண்டும். சின்னத் தீவில் இரண்டும் கலந்துவிடுவதால் அத்தனை கிடைப்பதில்லை. இதில் ஒரு புயல் அலை தீவின்மேல் ஏறி இறங்கினால் போதும், கிணறு உப்பாகிவிடும். அது தெளிய மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் மழை வேண்டும். துவாலு மக்கள் நன்னீர் தட்டும்வரை குழி வெட்டி, இலைதழை போட்டு, புலாகா என்ற பெரிய சேம்பை வளர்ப்பார்கள். குழிக்குள் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். தீவு முழுகுவதற்கு வெகு நாள் முன்பே சாப்பாடும் தண்ணீரும் போய்விடுகின்றன. எனக்கு நெஞ்சு பதறுவது இங்கேதான்.

அதனால் என்னைக் கேட்டால், முதல் பணம் கூரைக்கும் மழைநீர்த் தொட்டிக்கும்தான் போகவேண்டும். சரி, மழையே பெய்யாவிட்டால்? 2011இல் துவாலுவில் அதுதான் நடந்தது. தொட்டிகள் வற்றி, ஃபுனாஃபுட்டியில் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு இரண்டு வாளி என்று அளந்து கொடுத்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன. அதை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்ததும் ஒரு லட்சம் பேர் குடிநீருக்குத் தவித்தார்கள், இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியது. தொட்டி, கிணறு, இயந்திரம் மூன்றும் வேண்டும். இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் அந்தத் தீவிலேயே இருக்கவேண்டும்.

கேள்வி: துவாலு தீவுகள் சுருங்கவில்லை, வளர்கின்றன என்று ஓர் ஆய்வு சொல்கிறதாமே? அப்படியானால் எல்லாம் வீண் பயமா?

ஆய்வு உண்மை. 2018இல் வெளியானது. 1971 முதல் 2014 வரை துவாலுவின் 101 தீவுகளை அளந்து, மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது. அலைகள் பவளப்பாறையின் துகள்களையும் மணலையும் அள்ளிக் கொண்டுவந்து கரையில் சேர்க்கின்றன. ஆனால் பரப்பு வேறு, உயரம் வேறு. ஒரு முனையில் மணல் சேர்வதால் மறுமுனையில் இருக்கும் வீட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது, கிணற்று நீரும் இனிக்காது.

இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. அந்த மணலைத் தருவது உயிருள்ள பவளம். கடல் சூடாகி பவளம் வெளுத்துச் செத்தால் வரத்து குறையும். கண்ட இடத்தில் சுவர் கட்டினால், வருகிற மணலும் கரையேற வழியில்லாமல் போகும். முதல் கேள்விக்குச் சுவர் வேண்டாம் என்று இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்படுவதற்கு எல்லோரும் வேறு நாட்டுக்குப் போய்விடலாமே?

போக விரும்புகிறவர்களுக்கு வழி வேண்டும். ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023இல் கையெழுத்திட்ட ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், விரும்பினால் ஊர் திரும்பவும் செய்யலாம். இருக்க விரும்புகிறவர்களைக் கிளப்ப யாருக்கும் உரிமை இல்லை. ஃபிஜியின் வுனிடோகோலோவா கிராமத்தார், கடற்சுவர்கள் கைகொடுக்காத பிறகு, 2014இல் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே மேட்டுக்குப் போனார்கள். தங்கள் குலத்தின் சொந்த நிலம், கட்டுமானத்துக்குத் தங்கள் மரம். பழைய கரைக்கு இன்றும் நடந்து போய் மீன் பிடிக்கலாம்.