200 லிட்டர் ரீஃப் தொட்டியில் ஆறு பங்காய் கார்டினல் மீன்களைக் கூட்டமாக விடலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னவை: சென்னை வீடு, 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி), ஓட ஆரம்பித்து ஐந்து மாதம், ஏற்கெனவே இரண்டு கிளவுன் மீன்கள். யாரோடும் வம்புக்குப் போகாத மீன் வேண்டும். பங்காய் கார்டினல் என்ற சின்னக் கடல் மீனைக் கூட்டமாக விட்டால்தான் அழகு, ஆறு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு விடாதீர்கள். இரண்டு விடுங்கள், அதுவும் சேர்ந்த ஜோடியாக. இந்த மீனை "அமைதியான மீன்" என்று ஒரே வார்த்தையில் விற்பதால் வருஷா வருஷம் எத்தனையோ பங்காய்கள் தொட்டி மூலையில் கிழிந்த துடுப்போடு சாகின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பங்காய் மற்ற இன மீன்களிடம் உண்மையிலேயே சாது. பவளத்தைக் கொத்தாது, மணலைக் கிளறாது, கிளவுன் விரட்டினால் விலகிப் போகும். தன் இனத்திடம் மட்டும் அப்படி இல்லை. கடைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் குஞ்சுகள். அந்த வயதில் ஒட்டி ஒட்டி நிற்கும், பார்க்க ஒரே குடும்பம்போல இருக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணில் படுவது அந்த வயது மட்டுமே. ஒரு வருஷத்துக்குள் மீன் பருவத்துக்கு வந்துவிடும். இரண்டு ஜோடி சேரும். ஜோடி ஒரு பாறையைத் தன் இடமாக்கிக்கொண்டு மற்ற நான்கையும் ஓட்டும். கடலில் ஓட இடம் உண்டு, மூன்றடிக் கண்ணாடிக்குள் கிடையாது. தோற்றது தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னால், மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தீனிக்கு வராது. நாலைந்து நாளில் செத்துக் கிடக்கும். சண்டை பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகு நடப்பதால், வளர்ப்பவர் தண்ணீரைக் குறை சொல்லி அம்மோனியா டெஸ்ட் கிட்டைத் தேடுவார்.

"என்னிடம் ஆறு பங்காய் ஒன்றாக இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே எழுத வருபவர்களிடம் இரண்டே கேள்வி: எத்தனை மாதமாக? எத்தனை லிட்டரில்? ஆயிரம் லிட்டருக்கு மேல், பார்வையை மறைக்கும் பாறை நிறைய இருந்தால் முடியலாம். நான் சொல்வது கேட்டவரின் 200 லிட்டருக்கு.

கூட்டம்தான் வேண்டுமென்றால் மீனை மாற்றுங்கள். பைஜாமா கார்டினல் என்று ஒன்று உண்டு: மஞ்சள் பூசிய முகம், சிவந்த கண், நடுவில் கறுப்புப் பட்டை, பின்பாதியில் செம்புள்ளிகள். பங்காய் அளவுக்கே, எட்டு சென்டிமீட்டர் வரை வளரும். உங்கள் தொட்டியில் ஐந்து வைக்கலாம். ஐந்தையும் ஒரே நாளில் விட வேண்டும். தமக்குள் வரிசை பிரித்துக்கொள்ள லேசாக இடித்துக்கொள்ளும், உயிருக்கு ஆபத்து அபூர்வம். பகலில் சும்மா மிதந்துகொண்டிருக்கும், சாயங்காலம்தான் சுறுசுறுப்பு. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். இரவில் இரை தேடும் மீனிடம் பகல் ஆட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, பங்காய் ஜோடி எப்படிக் கிடைக்கும்? ஆண் பெண்ணை வெளியே பார்த்துச் சொல்வது கடினம். ஆணின் கீழ்த்தாடை சற்று அகன்றிருக்கும் என்பார்கள், நீண்ட முதுகுத் துடுப்பு ஆணுக்கு என்பார்கள். இரண்டையும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வாய் நிறைய முட்டையோடு நிற்பது ஆண் என்பது மட்டுமே உறுதி. நம்பகமான வழி நடத்தையைப் பார்ப்பது. கடைத்தொட்டியில் கூட்டத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் ஒட்டி நின்று உடலை நடுக்கிக் காட்டும் இரண்டு இருந்தால் அவற்றைக் கேளுங்கள். இல்லையென்றால் நான்கு குஞ்சுகள் வாங்கி, ஜோடி சேர்ந்த அன்றே மற்ற இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அந்த இரண்டும் எங்கே போகும் என்பதை வாங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாறை நிறைந்த தொட்டியில் மீன் பிடிப்பது அரை நாள் வேலை.

வாங்கும்போது கண்முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை என்ன விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். உடல் கறுத்திருப்பது, அடியில் ஒதுங்கி நிற்பது, செவுள் வேகமாக அடிப்பது, வெள்ளை நூல்போல மலம் தொங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே எதுவும் வாங்க வேண்டாம். பங்காயைத் தாக்கும் ஒரு இரிடோ வைரஸ் இருக்கிறது. 2009-ல் வெளிவந்த ஆய்வில் அடையாளம் காணப்பட்டது. மருந்து கிடையாது. மீன் பிடித்துச் சேர்த்து, நெருக்கி வைத்து, ஏற்றுமதியாகும் வழியில் பரவுகிறது, அறிகுறி தெரிந்த சில நாளில் கொன்றுவிடுகிறது. அதனால் தொட்டியில் பிறந்த குஞ்சுகள் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அவற்றை வாங்குங்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மீனின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் மத்திய சுலாவெசியை ஒட்டிய பங்காய் தீவுக்கூட்டம் மட்டுமே. வடக்கு சுலாவெசியின் லெம்பே நீரிணை போன்ற இடங்களில் இருப்பவை வியாபாரத்தில் கொண்டுபோய் விடப்பட்டவை. குஞ்சுகள் கடலில் மிதந்து பரவுவதில்லை, தாய் தகப்பன் வாழும் இடத்திலேயே கடல் முள்ளெலியின் முட்களுக்குள்ளும் கடல் சாமந்திகளிலும் வளர்கின்றன. ஒரு கரையில் வாரி எடுத்துவிட்டால் பக்கத்துத் தீவிலிருந்து வந்து நிரப்ப வழியில்லை. 2007-லிருந்து உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.-இன் செம்பட்டியலில் அழியும் நிலை இனமாக இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேராக ரீஃபில் விடாதீர்கள். 40 லிட்டர் தனித்தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. எல்போ போதும். மணல், பாறை வேண்டாம். ஸ்பாஞ்சை மூன்று வாரம் முன்பே சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் பெட்டி) போட்டு வைத்தால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏறியிருக்கும். கடைகளில் செலவை மிச்சப்படுத்த உப்புநீரை 1.020 அடர்த்தியில் வைப்பது வழக்கம், உங்கள் தொட்டி 1.025. அதனால் தனித்தொட்டியைப் பை தண்ணீரின் உப்புக்குச் சமமாகக் கலந்து வைத்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பிறகு நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக 1.025-க்கு ஏற்றலாம். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையில் வந்த மீனுக்கு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முறை ஆபத்து. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை தீங்கில்லாத வடிவில் கிடந்த அம்மோனியா நஞ்சாகும். நல்லது செய்வதாக நினைத்துச் செவுளைப் பொசுக்குகிறோம்.

முப்பது நாளாவது அங்கே இருக்கட்டும். வலை, குழாய், வாளி எல்லாம் தனி. நன்னீர்த் தொட்டியும் வைத்திருந்தால் அந்த வலையையும் இதில் நனைக்காதீர்கள், நன்னீர் கௌராமி மீன்களைத் தாக்கும் வைரஸும் இதே வகையைச் சேர்ந்தது. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் காப்பர் மருந்து இந்தத் தொட்டியில் மட்டும். ரீஃபில் ஒரு சொட்டு விழுந்தாலும் இறாலும் பவளமும் போய்விடும்.

தீனியில்தான் பலர் தோற்கிறார்கள். பங்காய் துரத்தித் தின்னும் மீன் இல்லை. நின்ற இடத்தில் முன்னால் மிதந்து வருவதைச் சட்டென்று உறிஞ்சும். முதல் வாரம் பெரிய ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வளரும் பொடி இறால்) உயிரோடு கொடுங்கள். அடுத்து உறைந்த மைசிஸ் (இறால்போன்ற சிற்றுயிர்): ஆர்.ஓ. தண்ணீரில் உருக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைப் பத்து நிமிடம் நிறுத்தி, நீண்ட பிப்பெட்டால் மீனின் முகத்துக்கு நேராக விடுங்கள். மைசிஸ் கிடைக்காத வாரத்தில் மீன் மார்க்கெட்டில் வாங்கிய கடல் இறாலை ஓடும் நரம்பும் நீக்கி, கழுவி, பொடியாக நறுக்கி, ஜிப் பையில் மெல்லிய தகடாக உறைய வைத்து உடைத்துப் போடலாம். ஒரு மில்லிமீட்டர் பெல்லட்டை (உலர்தீனிக் குருணை) மைசிஸோடு கலந்து இரண்டு மூன்று வாரம் பழக்கினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நாளைக்கு இரண்டு வேளை, இரண்டாவது வேளை விளக்கு மங்கும் நேரம். வேகமாகத் தின்னும் ராஸ், முரட்டு டேம்சல், டாட்டிபேக் இருக்கும் தொட்டியில் பங்காய் மெலிந்துபோகும். ஃபயர்ஃபிஷ், கோபி, உங்கள் கிளவுன் எல்லாம் சரி. பங்காயின் வாய் பெரியது, விரல் நக அளவு அலங்கார இறாலை விழுங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நீரோட்டம் பவளத்துக்கு வேண்டிய அளவு இருக்கட்டும், ஆனால் ஒரு மூலை அசையாமல் நிழலாக இருக்க வேண்டும். அதன் கடல் வீடு ஆழமில்லாத, அலை அடங்கிய கரையோரம். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இதற்கு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் முடியாது. ஃபேன் இரண்டு டிகிரி குறைக்கும், கடற்காற்றில் ஈரம் ஏறிய நாளில் அதுவும் இல்லை. ஆவியாவதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் இணையுங்கள், சில்லரை இணைத்தால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. "ரீஃப்" என்றதும் கற்பவளத் துண்டுகளை யாராவது ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கொண்டுவந்து தருவதாகச் சொல்வார்கள். கற்பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பவளம் ஏற்கெனவே தோண்டி எடுக்கப்பட்டுச் சிதைந்தது, கடல் சூடேறி வெளுத்தும் போனது. அங்கிருந்து உடைத்து எடுத்த துண்டு நம் வீட்டு விளக்கின் கீழ் சில மாதத்தில் வெள்ளை எலும்பாகும். வாங்குபவர் இருப்பதால்தான் உடைக்கிறார்கள். அறிந்தே வாங்கிவிட்டுப் படம் போடுபவர்கள்மேல் எனக்கு மிகுந்த கோபம் உண்டு. பீங்கான் பாறையும் உலர்பாறையும் கொண்டே அழகான தொட்டி அமைக்கலாம்.

ஜோடி நிலைத்துவிட்டால் ஒருநாள் ஆண் தீனியை மறுத்து, தாடை புடைத்து நிற்கும். பயப்படாதீர்கள், நாற்பது ஐம்பது முட்டைகள் வாயில் இருக்கின்றன. மூன்று, நான்கு வாரம் எதுவும் தின்னாது. துரத்தினாலோ வலையோடு வந்தாலோ துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். இருபதாம் நாளுக்கு மேல், இருட்டில், கிண்ணத்தால் தண்ணீரோடு அள்ளி, தொட்டிக்குள்ளேயே தொங்கும் குஞ்சுப் பெட்டியில் விடுங்கள். கறுப்பு கேபிள் டைகளை ஒரு வளையத்தில் நெருக்கமாகச் செருகி முள்ளெலிபோல வைத்தால் குஞ்சுகள் அதற்குள் போய் நிற்கும். வெளிவந்த அன்றே பொரித்த ஆர்ட்டீமியாவைத் தின்னும். ஆனால் வெறும் ஆர்ட்டீமியா போதாது. ஒமேகா-3 குறைவால், விளக்கைத் திடீரெனப் போட்டாலே குஞ்சுகள் துடித்துச் சாகும். ஆர்ட்டீமியா பொரிந்தவுடன் வாய் திறக்காது, சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே நாம் தண்ணீரில் கலக்கும் ஒமேகா-3 கொழுப்புக் குழம்பை உள்ளே எடுக்கும். அதனால் முதல் நாள் பொரித்ததை மறுநாள் ஊட்டமேற்றி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

குஞ்சுகளைத் துப்பிய ஆண் எலும்பும் தோலுமாக இருக்கும். பெண் உடனே அடுத்த முட்டைக்கு நெருக்கும். இரண்டு வாரமாவது பெண்ணைத் தடுப்புக்கு அப்பால் வைத்து, ஆணுக்கு நாளைக்கு மூன்று வேளை மைசிஸ் கொடுத்த பிறகே மறுபடி சேருங்கள்.