கேள்வி – பதில்: மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ (கடவுளை எதிர்த்து வீழ்ந்த சாத்தான், ஆதாமையும் ஏவாளையும் விலக்கப்பட்ட கனியைத் தின்னவைத்த கதையைச் சொல்லும் ஆங்கிலக் காப்பியம்; அதன் பகுதிகளுக்குப் ‘புத்தகம்’ என்று பெயர்)

கேள்வி: எம்.ஏ. முதலாண்டில் ‘பாரடைஸ் லாஸ்ட்’ ஒன்றாம் புத்தகம் பாடம். முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டுகிறது. எங்கிருந்து பிடிப்பது?

பதில்: அடி அடியாகப் படிப்பதை விடுங்கள், வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். முதல் வாக்கியமே 16 அடி. ‘சிங்’ (பாடு) என்ற வினை 6ஆம் அடியில்தான் வருகிறது. அதுவரை உள்ளதெல்லாம் எதைப் பாடவேண்டும் என்பதுதான். வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் நமக்கு இந்தக் காத்திருப்பு புதிதல்ல. முதலில் முற்றுப்புள்ளிகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் முதன்மை வினையை அடிக்கோடிட்டு, அதைச் செய்வது யார் என்று ஓரத்தில் குறியுங்கள். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். இது இயைபில்லாத பிளாங்க் வெர்ஸ். அடி முடியும் இடமெல்லாம் நிறுத்தினால் பொருள் துண்டு துண்டாகிவிடும். அடிக்குப் பத்து அசை. முதல் அடியிலேயே பதினொன்று வருகிறதென்றால் ‘டிஸொபீடியன்ஸ்’ (கீழ்ப்படியாமை) என்ற சொல்லை ஐந்து அசையாக இழுக்கிறீர்கள், நான்காகச் சுருக்குங்கள். நாளுக்கு 60, 70 அடி போதும். 798 அடியும் இரண்டு வாரத்துக்குள் முடியும்.

கேள்வி: பாடம் முடிந்ததும் மாணவர்கள் எல்லாரும் ‘சாத்தானே நாயகன்’ என்று எழுதிவிடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: ஒன்றாம் புத்தகத்தோடு நின்றால் அப்படித்தான் ஆகும். அதில் சாத்தானின் முதல் பேச்சு 84 முதல் 124ஆம் அடி வரை. அடுத்த இரண்டு அடிகளைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்: வாயில் வீறாப்பு, உள்ளே வேதனையும் விரக்தியும் என்று கதைசொல்லி உடனே சொல்லிவிடுகிறார். அதே வகுப்பில் 4ஆம் புத்தகத்தின் 32–113 அடிகளையும் பக்கத்தில் வையுங்கள். சூரியனைப் பார்த்துத் தனியே பேசும்போது, கடவுள் தனக்குக் கெடுதல் செய்யவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். தோழனுக்கு முன்னால் ஒரு குரல், ஆளில்லாத இடத்தில் வேறொரு குரல். அவன் கவர்ச்சியை மறுக்கத் தேவையில்லை. கவர்ந்தது எது என்று மாணவர்களையே அடி எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி விழாவுக்கு 40 நிமிட நாடகமாக்க வேண்டும். எந்தப் பகுதி?

பதில்: 9ஆம் புத்தகம். நிமிடத்துக்குச் சுமார் 15 அடி என்று கணக்கு வைத்தால் 600 அடிக்குள் நிற்கவேண்டும். 205–384 ஆதாமும் ஏவாளும் பிரிந்து வேலை செய்வது பற்றிய வாக்குவாதம். 532–732 பாம்பின் (பாம்புக்குள் புகுந்த சாத்தானின்) பேச்சு. 745–784 ஏவாள் தனக்குள் வாதாடிக் கனியைத் தின்பது. 856–959 தானும் தின்பது என்று ஆதாம் முடிவெடுப்பது. 1134–1189 ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவது. ஏறக்குறைய 580 அடி. நேரம் போதவில்லையென்றால் பலர் முதல் வாக்குவாதத்தையே வெட்டுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஏவாள் ஏன் தனியாக இருந்தாள் என்பது போய், பாம்பு வந்ததும் ஏமாந்தவளாகத் தெரிவாள். பாம்பின் நீண்ட பேச்சில் குறையுங்கள்.

கதைசொல்லியையும் மேடையில் வையுங்கள். ஏவாள் பறித்தாள், தின்றாள், பூமி புண்பட்டது என்பதைப் பாத்திரங்கள் சொல்ல முடியாது. 892–893இல் மேடைக் குறிப்பே தயாராக இருக்கிறது: ஏவாளுக்காகப் பின்னிய மாலை ஆதாமின் கையிலிருந்து நழுவி, வாடிய ரோஜாக்கள் உதிர்கின்றன. பாம்பாக நடிப்பவரைத் தவழவிடாதீர்கள். மில்டனின் பாம்பு அப்போது தரையில் ஊர்வதில்லை, சுருள்மேல் சுருளாக நிமிர்ந்து வருகிறது. வசனத்தை இயைபுச் செய்யுளாக மாற்றவும் வேண்டாம். மில்டன் காலத்துக் கவிஞர் டிரைடன் இக்காப்பியத்தை அப்படி நாடகமாக மாற்றி 1677இல் அச்சிட்டார். அது மேடையேறவே இல்லை.

கேள்வி: சில நூல்களில் பத்துப் புத்தகம், சிலவற்றில் பன்னிரண்டு. எது சரி?

பதில்: இரண்டுமே. 1667 பதிப்பு பத்து. 1674இல் 7, 10 ஆகியவை இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆயின. மேற்கோளுக்கு 1674 எண்ணே வழக்கம். பழைய பதிப்பில் கனி தின்னும் காட்சி 8ஆம் புத்தகத்தில் இருக்கும்.

கேள்வி: இதில் ஆலமரம் வருகிறதாமே?

பதில்: ஆம், 9ஆம் புத்தகம், 1101 முதல். ‘மலபாரிலும் தக்காணத்திலும்’ இந்தியர் அறிந்த மரம் என்றே சொல்கிறார். விழுது ஊன்றித் தூணாகும் நிழலும் சரியாகவே வந்திருக்கிறது. இலையை மட்டும் கேடயம் அளவு அகலம் என்கிறார். ஆலிலை அவ்வளவு பெரிதல்ல என்பதை நம் மாணவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.